மூன்றாம் சக்கரமும் டயரின் பூவும்

மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாவது சக்கரம் ஒன்றைப் பொருத்திவிட்டால் அது நிறுத்தினாலும் விழாது. இந்த ஒரு வசதிக்காகவே தாமான் தாமானாக ரொட்டி விற்பவரும், பாசார் மாலாமுக்குப் பலகாரம் ஏற்றிச் செல்பவரும், பழைய இரும்பு வாங்குபவரும், காலை ஊன்ற இயலாத ஓட்டுநரும் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை நாடுகிறார்கள். ஆனால் விழாத வண்டி, வளைவில் சாய்வதும் இல்லை. சாயாத வண்டியின் டயர், சாயும் வண்டியின் டயரைப் போல உழைப்பதில்லை. அதைப் போலத் தேய்வதும் இல்லை. எனவே, இரண்டு சக்கரத்துக்காக எழுதப்பட்ட காற்றழுத்த எண் மூன்று சக்கரத்துக்கு அப்படியே பொருந்தாது. பொருந்தும் எண்ணை நாமே எவ்வாறு கண்டறியலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். விசையும் உராய்வும் எனக்கு விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலத்தில் அறிமுகமாயின. அதே விசையையும் உராய்வையும் நம்பி அன்றாடம் பிழைப்பு நடத்துகிறவர்களில் பலர் தமிழிலும் மலாயிலும்தான் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்ததை அவர்களுக்குப் புரியும்படி சொல்ல முயன்றபோது கிடைத்த குறிப்புகளே இவை.

டயரின் மேற்பரப்பில் உள்ள வெட்டுகளை மலாயில் ‘புங்ஙா தாயார்’ என்கிறார்கள். அதாவது டயரின் பூ. நாமும் ‘பூ தேஞ்சிருச்சு’ என்றுதான் பேசுகிறோம். இக்கட்டுரையிலும் அச்சொல்லையே பயன்படுத்துகிறேன்.

மூன்று சக்கர வண்டிக்காக வந்த டயர்

காற்றடைத்த டயருக்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றவர் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர், ஆண்டு 1845. ஆனால் அது பரவவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகன் ஓட்டிய சைக்கிளின் கெட்டிச் சக்கரங்கள் குலுங்குவதைக் கண்டு, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டினார். 1888-இல் காப்புரிமை பெற்றார். அந்தச் சிறுவனின் சைக்கிள் ஒரு மூன்று சக்கர வண்டி என்பது நம் தலைப்புக்குப் பொருத்தமான செய்தி.

பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. ரப்பருக்கு மலாயா தேவைப்பட்டது. பால்மரம் சீவுவதற்கு நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். டயர் என்பது நமக்கு அந்நியப் பொருள் அன்று என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

சுமப்பது ரப்பர் அன்று, காற்று

வண்டியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் அடைபட்ட காற்றே. டயர் தரையைத் தொடும் இடத்தைத் தொடுபரப்பு என்போம். ஒரு சக்கரத்தின் மீதுள்ள பாரத்தைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் தொடுபரப்பு ஏறத்தாழக் கிடைத்துவிடும். டயரின் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் இது துல்லியமான விடை அன்று; ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் வெளிப்படுகின்றன. பாரம் மாறாமல் காற்றை ஏற்றினால் தொடுபரப்பு சுருங்கும். உருண்டை வடிவ மோட்டார் சைக்கிள் டயரில், சுருங்கிய அந்தப் பரப்பு நடுவில் ஒரு குறுகிய பட்டையாக நிற்கும். தேய்வு முழுவதும் அந்தப் பட்டைக்கே போகும். காற்றைக் குறைத்தாலோ தொடுபரப்பு விரியும். டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும். 17 அங்குலச் சக்கரம் ஒன்று ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 570 முறை சுற்றுகிறது. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் டயரின் ஒவ்வொரு பகுதியும் 22,000 முறைக்கு மேல் நசுங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடேறுவதைப் பார்த்திருப்பீர்கள்; டயரும் அப்படியே சூடேறுகிறது. காற்றுக் குறைந்த டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இந்தச் சூடே காரணம்.

அழுத்தத்தைப் பட்டறைகளில் பிஎஸ்ஐ என்றும், பெட்ரோல் நிலையத்து மின்னணுக் காற்றுக் கருவியில் கிலோபாஸ்கல் என்றும் சொல்வார்கள். ஒரு பிஎஸ்ஐ ஏறத்தாழ 6.9 கிலோபாஸ்கல். நினைவில் வைக்க எளிய இணைகள்: 200 என்றால் 29 பிஎஸ்ஐ, 225 என்றால் 33, 280 என்றால் 41.

சாயும் வண்டி, சாயாத வண்டி

இரு சக்கர மோட்டார் சைக்கிள் வளைவில் உள்பக்கமாகச் சாய்கிறது. வண்டியின் எடையும், வெளியே தள்ளுவதாக நாம் உணரும் விசையும் சேர்ந்து சக்கரத்தின் வழியாக நேராகத் தரைக்கு இறங்குகின்றன. டயர் பக்கவாட்டில் அதிகம் மடங்குவதில்லை. சாய்வுக்கு ஏற்பத் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்கிறது. அதனால்தான் மோட்டார் சைக்கிள் டயரை உருண்டையாகச் செய்திருக்கிறார்கள். பூவின் எல்லாப் பகுதிக்கும் வேலை உண்டு.

சைட்கார் கட்டிய வண்டியால் அப்படிச் சாய முடியாது. வளைவில் பக்கவாட்டு விசை முழுவதையும் டயர் தன் உடம்பை முறுக்கித் தாங்க வேண்டியிருக்கிறது. சக்கரம் ஒரு திசையைப் பார்க்க, வண்டி சற்றே வேறு திசையில் போகிறது. அந்தச் சிறு கோணத்தில்தான் பூ தரையோடு உரசித் தேய்கிறது. உருண்டை டயரின் ஓரப்பகுதி தரையைத் தொடாமலே புதிதாக இருக்க, நடுப்பகுதி மட்டும் தட்டையாகிவிடுகிறது.

இதை அறிந்த உற்பத்தியாளர்கள் இரு வழிகளில் விடை கண்டார்கள். ஒன்று, மூன்று சக்கரத்தையும் சாய வைப்பது. 2006-இல் வந்த இத்தாலியின் பியாஜியோ எம்பி3, 2014-இல் வந்த யமஹா டிரைசிட்டி ஆகியவை அவ்வகை. முன்னால் இரு சக்கரம் இருந்தாலும் அவை சாய்வதால் அவற்றுக்கு உருண்டை டயரே பொருந்தும். மற்றொன்று, சாயாத வண்டிக்குத் தட்டையான டயரையே கொடுத்துவிடுவது. 2007-இல் வந்த கனடாவின் கேன்-ஆம் ஸ்பைடர் அவ்வகை. அதன் தொடக்ககால வண்டிகளில் முன் டயர்களுக்கு ஏறத்தாழ 15 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 28 பிஎஸ்ஐ எனப் பரிந்துரைத்தார்கள். பார்வைக்குக் கார் டயர் போன்ற ஒன்றில், கார் டயருக்கு வைப்பதில் பாதி அழுத்தம்! காரணம் எளிது. அந்த டயரின் அகலத்துக்கு அதன்மேல் அமரும் பாரம் மிகக் குறைவு. ‘இந்த மாதிரி டயருக்கு இவ்வளவு காற்று’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சைட்கார் வண்டிகளோ இந்த இரண்டிலும் சேராதவை. வண்டி சாயாது, டயரோ சாய்வதற்காகச் செய்யப்பட்டது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மாமாவின் ரொட்டி வண்டி

என் தாய்மாமா 100 சிசி கப்சாய் மோட்டார் சைக்கிளில் சைட்கார் கட்டி ரொட்டியும் நொறுக்குத்தீனியும் விற்கிறார். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியோடு கட்டிய வண்டி. அவருடைய பின் டயர் ஐந்து மாதத்தில் நடுவே வழுக்கையாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை பெட்ரோல் நிலையத்துக்குப் போய், கருவியில் 280 என்று வைத்து, மூன்று சக்கரத்துக்கும் வரிசையாகக் காற்றடிப்பார்.

“பாரம் அதிகம், அதனால காத்தும் அதிகம் வெக்கணும். படிச்ச மருமகனுக்கு இதுகூடவா தெரியாது?” என்றார்.

“எந்தச் சக்கரத்துல பாரம் அதிகம் மாமா?” என்று கேட்டேன்.

“பின்னாலதான்.”

“அப்போ முன்னாலயும் சைட்கார்லயும் ஏன் அதே 280 வெக்கிறீங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை, ரொட்டி ஏற்றிய வண்டியோடு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். அங்குள்ள மேடைத் தராசில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினோம். ஒரு சக்கரம் தராசில் நிற்கும்போது மற்ற இரண்டும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். இல்லையெனில் அளவு பிழையாகும். அதற்காக அவற்றின் அடியில் பலகை வைத்தோம். மாமா தம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். முன் சக்கரம் 58 கிலோ; பின் சக்கரம் 137 கிலோ; சைட்கார் சக்கரம் 85 கிலோ. மொத்தம் 280 கிலோ.

முன்பு சொன்ன வகுத்தலைச் செய்து பார்ப்போம். மூன்றிலும் 280 கிலோபாஸ்கல் இருக்கும்போது தொடுபரப்பு முன் சக்கரத்தில் ஏறத்தாழ 20 சதுர செண்டிமீட்டர், சைட்காரில் 30, பின் சக்கரத்தில் 48. முன் சக்கரம்தான் வண்டியைத் திருப்புகிறது. பிரேக் பிடிக்கும்போது அதிகம் உழைப்பதும் அதுவே. அந்தச் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளப் பெற்றிருந்த இடம் ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் அளவுதான்.

டயர் சுவரில் எழுதியிருப்பது

அடுத்து டயரின் சுவரைப் படித்தோம். பின் டயரில் 2.50-17 38எல் என்று இருந்தது. 2.50 என்பது அங்குலத்தில் அகலம்; 17 என்பது ரிம்மின் விட்டம்; 38 என்பது சுமைக் குறியீட்டு எண்; எல் என்பது வேகக் குறியீடு. சுமை எண் கிலோ அன்று. அதற்கென ஓர் அட்டவணை உண்டு. அதன்படி 38 என்றால் 132 கிலோ, 41 என்றால் 145, 44 என்றால் 160, 50 என்றால் 190. இது, உரிய அழுத்தத்தில் அந்த டயர் சுமக்கத்தக்க உச்ச அளவாகும்.

மாமாவின் பின் சக்கரத்தில் 137 கிலோ. டயரின் உச்ச அளவு 132 கிலோ. எவ்வளவு காற்றடித்தாலும் இந்தக் குறை தீராது. பட்டறையில் ‘இன்னும் கொஞ்சம் காற்று வையுங்கள்’ என்று சொல்லி அனுப்பியதெல்லாம் பயனற்றுப்போனதன் காரணம் இதுவே. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொன்னதை நாம் எல்லாரும் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ரொட்டியும் மயிலிறகு போன்றதுதான். ஒவ்வொரு பொட்டலமும் இலேசு. எல்லாம் சேர்ந்த பிறகுதான் அச்சின் நிலை தெரியும்.

ரிம்மின் அகலத்துக்குப் பொருந்துமா, சங்கிலியிலும் மட்காட்டிலும் உரசாதா என்று அளந்து பார்த்த பிறகு, சுமை எண் 44 உடைய 80/90-17 டயரைப் பின்னால் போட்டோம். பின் சக்கரத்துக்கு 280 கிலோபாஸ்கல் அப்படியே இருந்தது. முன் சக்கரத்தை 200-க்கும், சைட்கார் சக்கரத்தை 225-க்கும் இறக்கினோம். தொடுபரப்பு முன்னால் 20-இலிருந்து 28-ஆகவும், சைட்காரில் 30-இலிருந்து 37-ஆகவும் கூடியது.

பக்கவாட்டில் இழுபடும் சக்கரம்

காற்றைச் சரிசெய்தும் தேயும் டயர் உண்டு. அதற்குக் காரணம் கோணம். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் சைட்காரும் இடப்பக்கமே இருக்கும். வேகத்தைக் கூட்டினால் சைட்காரின் பாரம் பின்தங்கி வண்டியை இடப்பக்கம் இழுக்கும். சைட்கார் சக்கரத்தில் பிரேக் இல்லையென்றால், பிரேக் பிடிக்கும்போது சைட்கார் முன்னே ஓடப் பார்த்து வண்டியை வலப்பக்கம் தள்ளும். ஓடும்போது ஏற்படும் இடப்பக்க இழுப்பை ஈடுசெய்வதற்காகச் சைட்கார் சக்கரத்தை முன்புறத்தில் சற்றே மோட்டாரின் பக்கமாகத் திருப்பிப் பொருத்துவார்கள். அளவோடு இருந்தால் இது நன்மை. மிஞ்சினால் டயரைத் தின்னும்.

அளப்பதற்கு இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான பலகைகள் இரண்டு போதும். ஒன்றை மோட்டாரின் இரு சக்கரங்களையும் ஒட்டி வையுங்கள். முன் டயரும் பின் டயரும் வெவ்வேறு அகலமாயின், அந்த வேறுபாட்டில் பாதியை மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். மற்றொன்றைச் சைட்கார் சக்கரத்தை ஒட்டி வையுங்கள். இரு பலகைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை முன் முனையிலும் பின் முனையிலும் அளந்து பாருங்கள். முன்னால் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை குறைவாக இருப்பது வழக்கம். மாமாவின் வண்டியில் 40 மில்லிமீட்டர் இருந்தது.

40 மில்லிமீட்டர் என்பது சிறிதாகத் தோன்றலாம். இரண்டு மீட்டருக்கு 40 மில்லிமீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 20 மீட்டர். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டியில், சக்கரம் 800 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. இதில் ஒரு பகுதியை டயரின் நெகிழ்வு விழுங்கிக்கொள்ளும். எஞ்சியதைப் பூதான் கொடுக்க வேண்டும். பிடிப்புகளைத் தளர்த்தி 15 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம்.

முன்பு ஐந்து மாதத்தில் வழுக்கையான பின் டயருக்குப் பதிலாகப் போட்ட டயர் இப்போது எட்டாவது மாதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. டயரும் காற்றும் கோணமும் ஒரே நேரத்தில் மாறியதால் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஒரே வண்டியில் கண்டதை ஆய்வு என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் மாமாவின் கணக்குப் புத்தகத்தில் மூன்று மாத டயர்ச் செலவு மிச்சமானது உண்மை.

பூவைப் படிக்கும் முறை

தராசும் பலகையும் எப்போதும் கிடைப்பதில்லை. ஆனால் டயரின் பூ எப்போதும் நம் கண்முன் இருக்கிறது. அது தேயும் விதத்தை வைத்தே வண்டியின் குறையை ஓரளவு அறியலாம்.

நடுவில் குறுகிய பட்டையாகத் தேய்ந்து, அதன் இருபுறமும் பூ புதிதாக இருந்தால், பாரத்துக்கு மிஞ்சிய காற்று. சாயாத வண்டியில் உருண்டை டயர் எப்படியும் நடுவில்தான் தேயும் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே தேய்ந்த பட்டையின் அகலத்தைக் கவனிக்க வேண்டும். காற்று சரியாக இருந்தால் பட்டை அகன்று இருக்கும்.

இரு ஓரங்களும் தேய்ந்து, டயரின் சுவரில் மெல்லிய கீறல்கள் தென்பட்டால், காற்றுக் குறைவு அல்லது அளவுக்கு மிஞ்சிய பாரம்.

ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால், சக்கரம் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

உள்ளங்கையால் பூவை இடமிருந்து வலமாகவும், வலமிருந்து இடமாகவும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் இரம்பப்பல் போலவும் இருந்தால், சக்கரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோணத்தைச் சரிபார்க்க வேண்டும்.

அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால், பேரிங், அதிர்வுத் தாங்கி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஒரே ஓர் இடம் மட்டும் தட்டையாக இருந்தால், பிரேக் பிடித்துச் சக்கரம் சுற்றாமல் இழுபட்டிருக்கிறது.

சைட்கார் சக்கரத்தைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். என்ஜின் அதை ஓட்டுவதில்லை. கோணம் சரியாக இருந்தால் அதன் பூ பல ஆண்டுகள் இருக்கும். ஆனால் ரப்பர் வெயிலில் இறுகிப் பிடிப்பை இழக்கும். டயர் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஏமாறாமல், வயதையும் பார்க்க வேண்டும்.

பின்னால் இரு சக்கரம் உள்ள வண்டிகள்

மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் மோட்டார் சைக்கிள்களில் பின்னால் இரு சக்கரங்களைப் பொருத்தியிருப்பதைக் காணலாம். இவற்றில் இரண்டு பின் சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால், இன்னொரு சிக்கல் எழுகிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் செல்ல வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 80 செண்டிமீட்டர் இருந்தால், ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்திலும் இந்த வேறுபாடு ஏறத்தாழ 1.26 மீட்டர். வளைவு சிறியதோ பெரியதோ, இது மாறாது. கார்களில் இந்த வேறுபாட்டைத் தீர்க்கத் தனிப் பல்சக்கர அமைப்பு உண்டு. அது இல்லாத வண்டியில், அந்த 1.26 மீட்டரையும் டயர்கள்தாம் உரசித் தீர்க்கின்றன.

இவ்வகை வண்டியில் இரு பின் டயர்களும் ஒரே அளவாக, ஒரே அழுத்தத்தில், ஏறத்தாழ ஒரே தேய்வில் இருப்பது மிக முக்கியம். ஒன்றில் காற்றுக் குறைந்தால் அந்தச் சக்கரம் சிறுத்து, வண்டியை அந்தப் பக்கம் இழுக்கும். காலை ஊன்றிச் சமாளிக்க முடியாத ஓட்டுநருக்கு இந்த இழுப்பு சிறிய தொல்லை அன்று; உயிர்ப் பிரச்சினை.

மழையும் மாலை நேரமும்

நம் ஊர் மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நனைந்த சாலையில் பூவின் வேலை, டயருக்கும் தாருக்கும் இடையே சிக்கும் நீரை வெளியேற்றுவது. உருண்டையான புதிய டயர் நீரைப் பிளந்துகொண்டு இறங்கும். நடுவே தட்டையாகித் தேய்ந்த டயர் நீரின் மேல் ஏறப் பார்க்கும். காற்றுக் குறைந்தாலும் இந்த ஆபத்து கூடுகிறது. டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்க மூலத்தைச் சார்ந்தது. அழுத்தம் பாதியானால் அந்த வேகம் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்காகக் குறைந்துவிடும்.

பல கப்சாய்க் கையேடுகள் பூவின் குறைந்தபட்ச ஆழத்தை முன்னால் 1.5 மில்லிமீட்டர், பின்னால் 2 மில்லிமீட்டர் என்று கூறுகின்றன. டயரின் சுவரில் சிறிய முக்கோணக் குறியோ டிடபிள்யூஐ என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தெரியும். பூ அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

மற்றொன்று, பாரம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் மாமாவின் சைட்கார் சக்கரத்தில் 85 கிலோ. ரொட்டி விற்கவிற்க அது குறைகிறது. மாலையில் காலிப் பெட்டியோடு திரும்பும்போது சைட்கார் இலேசாகிவிடும். இடப்பக்க வளைவில் பாரம் வலப்பக்கம் மாறுவதால், இலேசான அந்தச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். வியாபாரம் நன்றாக நடந்த நாளில்தான் வீடு திரும்பும் வழியில் அதிகக் கவனம் வேண்டும். ஒரு நாளைக்கு இருமுறை காற்றை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே காலைப் பாரத்துக்கு ஏற்பக் காற்றை வைத்துவிட்டு, மாலையில் இடப்பக்க வளைவுகளில் வேகத்தைக் குறைப்பதே நல்ல வழி.

உங்கள் வண்டிக்கான எண்

இதுவரை சொன்னவற்றை நடைமுறைக்குச் சுருக்கித் தருகிறேன்.

முதலில், வழக்கமான பாரத்தோடு ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். அந்த எடை டயரின் சுமை எண்ணுக்குள் இருக்கிறதா என்று சரிபாருங்கள். மிஞ்சினால் டயரை மாற்றுங்கள் அல்லது பாரத்தைக் குறையுங்கள். காற்றால் அதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டாவதாக, கையேட்டிலுள்ள எண்ணைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். பல கப்சாய்களுக்கு முன்னால் 200, பின்னால் தனியே ஓட்டும்போது 225, ஆள் ஏற்றினால் 280 கிலோபாஸ்கல். பாரம் மிகுந்த சக்கரத்துக்கு அதிகமும், குறைந்த சக்கரத்துக்குக் குறைவுமாக வையுங்கள். டயர் சுவரில் குறித்துள்ள உச்ச அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம்.

மூன்றாவதாக, சுண்ணக்கட்டியால் டயரின் குறுக்கே ஒரு தடித்த கோடு போட்டு, நேரான காய்ந்த சாலையில் ஐம்பது மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் ஒரு விரல் அகலம் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். ஓரம் வரை அழிந்திருந்தால் குறைவு.

நான்காவதாக, காற்றைக் காலையில், வண்டியை எடுக்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் ஏறும். வெயிலில் ஓடி வந்த டயரில் கூடுதலாகத் தெரிகிறதே என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். ஓடிய பின் அளக்கும்போது காலை அளவைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருந்தால், டயர் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிறது என்று பொருள். காலையில் வைத்த காற்று போதவில்லை.

இறுதியாக, மூன்று சக்கரங்களின் எண்களையும் வண்டியிலேயே, அந்தந்த மட்காட்டின் மேல் சாயத்தால் எழுதிவையுங்கள். மாமாவின் வண்டியில் இப்போது முன்னால் 200, பின்னால் 280, சைட்காரில் 225 என்று வெள்ளை எழுத்தில் இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் வேறு யார் காற்றடித்தாலும் குழப்பம் இல்லை.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே, முன்னாள் மாணவர்களே! நம்மில் பலருடைய கல்விக் கட்டணம் இத்தகைய வண்டிகளில் ஓடிச் சம்பாதித்த காசு. அந்த வண்டி எந்த எண்ணில் ஓடுகிறது என்று நாம் கேட்டதுண்டா? காற்றழுத்தமானி ஒன்றின் விலை ஓரிரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அதை எடுத்துச் செல்லுங்கள். குனிந்து டயரின் பூவைத் தடவிப் பாருங்கள். கண்டதை வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள்.